பக்கத்து வீட்டாருக்கும் சட்டத்தில் இடமுண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்கு எதிரான வன்முறைக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று வற்புறுத்தி உங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கடிதங்களைப் படித்தேன். அந்த நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. பாலியல் குற்றங்களுக்கான தண்டனையைக் கூட்டி 2025 ஜனவரியில் தமிழகச் சட்டப்பேரவை சட்டம் இயற்றியதை நானும் வரவேற்றவன்தான். தெருவில் நடக்கும் கொடுமைக்கு எதிரான சட்டமென்றால் நாம் எல்லோரும் கை தூக்கிவிடுகிறோம். வீட்டுக்குள் நடப்பதற்கு எதிராக ஏற்கெனவே உள்ள சட்டத்துக்கு அந்த ஆதரவு இருக்கிறதா என்பதே, குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என்னுடைய கேள்வி.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி உதையை மட்டுமல்ல, ஓயாத வசையையும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் நெருக்குவதையும், கணவனே செய்யும் பாலியல் கொடுமையையும் அது வன்முறை என்றே சொல்கிறது. (அதே பாலியல் கொடுமையைக் குற்றவியல் சட்டம் இன்னும் பாலியல் வல்லுறவாக ஏற்கவில்லை, அந்த விலக்கை நீக்கச் சொல்லி பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்த அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013இலேயே பரிந்துரைத்தும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது அப்படியே தொடர்வது தனியாகப் பேச வேண்டிய சங்கதி.) மனு கொடுத்தால் சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது, அவள் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமை. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டி அவளை வெளியே தள்ளிவிட முடியாது என்பதை 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஏட்டில் இப்படி. நான் பார்த்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். முழங்கை வரை நீண்ட ரவிக்கை அணிந்த ஒரு பெண், ரேஷன் கார்டை மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத் தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் ஒவ்வொரு முறையும் உடன் வந்து, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு வெளிவாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுவார். இரவில் அலறலைக் கேட்டவர், காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவர் அவரே. சாட்சி சொல்ல உள்ளே வரலாமே என்றதற்கு, “நாளைக்கு அவங்க புருஷன் பெண்டாட்டி ஒண்ணாயிடுவாங்க, நான் அந்தத் தெருவுல குடியிருக்கணுமே சார்” என்றார். நான் பதில் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் அவரைப் போன்றவர்களுக்காகவே இச்சட்டத்தில் நான்காம் பிரிவு இருக்கிறது. வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும், இச்சட்டத்துக்கென அரசு மாவட்டந்தோறும் நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ பாயாது. பாதிக்கப்பட்டவரே வர வேண்டும், ரத்த உறவாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இல்லை. இத்தனை ஆண்டுப் பணியில், இப்படி அயலார் கொடுத்த தகவலில் தொடங்கிய மனுவை நான் கண்டதாக நினைவில்லை.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று அதே ஆய்வில் நாடு முழுவதும் 45 விழுக்காடு பெண்கள் கூறியிருக்கிறார்கள்; ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 44. அடி வாங்குபவரும் அக்கம்பக்கமும் சேர்ந்தே “குடும்ப விஷயம்” என்று கதவைச் சாத்தும்போது பாதுகாப்பு அலுவலர் எந்தக் கதவைத் தட்டுவார்?

பொய் வழக்குகள் பெருகிவிட்டன என்பார்கள். இந்தச் சட்டத்தின் மனு யாரையும் உடனே சிறைக்கு அனுப்புவதில்லை. நீதிமன்றம் இட்ட பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், சில வேளை இரண்டும். அதற்குக்கூட அஞ்ச வேண்டியவர் ஆணையை மீறுபவர்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 181 என்ற மகளிர் உதவி எண் ஓரளவு தெரிந்திருக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. மேட்டூர் அணையின் நீர்மட்டமும் மின்தடை அறிவிப்பும் வரும் அதே பக்கத்தில், அந்தந்த மாவட்டப் பதிப்பில் அவருடைய அலுவலக முகவரியையும் தொலைபேசி எண்ணையும், தகவல் சொல்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை இரண்டே வரியிலும், வாரம் ஒருமுறையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
கும்பகோணம்.