டுர்பீனே கதையை எழுத உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்து மகளிர் கால்பந்து கிளப்பான டுர்பீனேயின் கதையைத் தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி முடித்துவிட்டேன். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, போட்ஸ்டாமின் பாபெல்ஸ்பெர்க் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடி அம்மாவுக்கு. தன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுபதுகளிலிருந்து டுர்பீனே ஆட்டங்களைப் பார்த்து வருகிறவர். நான் எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். உள்ளே பழுத்துப்போன செய்தித்தாள் துண்டுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீல மையில் தேதியும் கோல் கணக்கும். தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. "வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, அவசரமில்லை" என்றார். பொக்கிஷத்தை இப்படித் தூக்கிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

1971-ல் கிழக்கு ஜெர்மனியில், போட்ஸ்டாம் மின்வாரிய ஊழியர்களின் விளையாட்டுச் சங்கத்தில்தான் இந்த அணி பிறந்தது. மகளிர் கால்பந்து அணி தொடங்குகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம். அங்கே வேலை பார்த்த பெர்ன்ட் ஷ்ரோடர் பயிற்சியாளரானார். இடையில் சில ஆண்டுகள் தவிர, 2016 வரை அவர்தான் பயிற்சியாளர். மேற்கு ஜெர்மனியில் 1955-லிருந்து 1970 வரை பெண்கள் கால்பந்துக்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமே தடை போட்டிருந்தது. கிழக்கில் தடை இல்லை, ஆனால் ஆதரவும் இல்லை. அப்போது ஒலிம்பிக்கில் இல்லாத மகளிர் கால்பந்துக்கு அரசு ஏன் செலவு செய்யும்? பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் 1981-க்கும் 1989-க்கும் இடையில் டுர்பீனே ஆறு முறை கிழக்கு ஜெர்மனியின் சாம்பியன்.

அந்தக் காலத்துச் சொற்களைப் பொறுமையாக விளக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அடுத்த நன்றி. டுர்பீனே என்றால் டர்பைன், சுழலும் இயந்திரம். ஆட்டத்தின் வேகத்துக்காக வைத்த பெயர் அது என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் வட்டம் போட்டு, மின்துறைத் தொழிலாளர்களின் சங்கங்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான், ரயில்வேக்காரர்களுக்கு லோகோமோட்டிவே என்று திருத்தினார். அவர் பார்க்காமல் போயிருந்தால் அந்தத் தவறு அப்படியே அச்சாகியிருக்கும்.

1990 மே 9 அன்று கார்ல் லீப்னெக்ட் அரங்கில் நடந்த ஆட்டத்தைப் பற்றித் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த நூலக ஊழியர்களுக்கும் நன்றி. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில்தான் அந்த அரங்கம். கிழக்கு ஜெர்மனியின் மகளிர் தேசிய அணி விளையாடிய ஒரே ஆட்டம் அது. செக்கோஸ்லோவாக்கியாவிடம் 0-3 என்று தோற்றது. அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமல் போனது. முதல் ஆட்டமே கடைசி ஆட்டமாகிப்போன அந்தப் பெண்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் ஒரு மாலைப்பொழுது. ஐரோப்பிய மகளிர் கிளப்புகளுக்கான 2010 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் பதிவை மேல்மாடி அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பெயினில் கெட்டாஃபே நகரில் பிரான்ஸின் லியோன் அணியுடன் நடந்தது. கோலே விழாமல் பெனால்டிக்குப் போனது. டுர்பீனேயின் கோல் கீப்பர் அன்னா ஃபெலிசிடாஸ் ஸார்ஹோல்ட்ஸுக்கு அப்போது வயது 17. இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, தானும் ஒன்றைப் போட்டார். முடிவு தெரிந்த ஆட்டம்தான். ஆனாலும் ஒவ்வொரு உதைக்கும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போயிற்றா? போயிற்றா?" என்று என் கையை அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் லியோனின் பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 7-6. நூலில் அந்த அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்றால், அந்தக் கைதான் காரணம்.

தமிழை வரிவரியாகப் பார்த்துப் பிழை திருத்திய பெர்லின் அக்காவுக்கு நன்றி. சனிக்கிழமைகளில் மைதானத்தில் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மற்ற பெற்றோர்களுக்கும்.

கடைசி அத்தியாயத்தை எழுதத்தான் கஷ்டப்பட்டேன். ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் ஆறு பட்டங்கள், அதில் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு, இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் என்று வாழ்ந்த கிளப், 2023-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, 2024-ல் ஏறியது, 2025-ல் மறுபடியும் இறங்கியது. ஆண்கள் கிளப்புகளின் பணம் மகளிர் ஆட்டத்துக்குள் வந்துவிட்ட காலம் இது. பழைய எதிரியான ஃபிராங்ஃபர்ட் அணிகூட 2020-ல் அந்த ஊரின் பெரிய ஆண்கள் கிளப்பான ஐன்ட்ராக்டோடு சேர்ந்துவிட்டது. இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று மேல்மாடி அம்மாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் டின்னின் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். 2023-ல் இறங்கிய அன்றைய செய்தி. ஓரத்தில் அதே நீல மை, தேதி, கோல் கணக்கு. அந்தப் பகுதியை முழுவதுமாக எழுதினேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அன்றைக்கே இந்த மடலையும் அவருக்கு ஜெர்மனில் வாசித்துக் காட்ட வேண்டும்.

நன்றியுடன்,
பாபெல்ஸ்பெர்க்கிலிருந்து உங்கள் தோழி