ஐந்து மணிக்கு மேல் யார் பார்ப்பது? – பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டது, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நெருங்கிவிட்டது. வழக்கமாக இந்த மாதக் கடிதத்தில் தேர்வு நேரம், ஹால் டிக்கெட், பிள்ளைகளைக் காலையில் சாப்பிட வைத்து அனுப்புவது பற்றியெல்லாம் எழுதுவேன். இந்த முறை அவற்றை வகுப்பாசிரியர்கள் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுதுவது தேர்வு முடிந்த கையோடு வருகிற சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் 18 வயது ஆகாத பெண் பிள்ளைகளுக்குச் செய்துவைக்கும் கல்யாணங்களைப் பற்றி.

என் அறை பீரோவில் போன வருஷத்து ஹால் டிக்கெட் ஒன்று கிடக்கிறது. வாங்கிப் போக ஆள் வரவில்லை. ஒட்டியிருக்கும் போட்டோவில் இரட்டைச் சடை, நெற்றியில் சின்னதாக விபூதி. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 81 எடுத்த பெண். தை மாதம் அவள் வீட்டிலிருந்து ஒரு விடுப்புக் கடிதம் வந்தது: "குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம், மூன்று நாள் லீவு வேண்டும்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான்தான். மூன்று நாள் மூன்று வாரமானது. தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது, கோயிலுக்குப் போனது உண்மைதான், அங்கே தாலி கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தது. அவளுக்கு வயது 15. கடிதத்தைப் பார்த்ததும் நாலு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தவறு.

வீட்டில் பாட்டி மட்டும் இருந்தார். அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. நான் சட்டம், ஜெயில் என்று கோபமாகத்தான் பேசினேன். அவர் பாக்கு வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "டீச்சரம்மா, நீங்க அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடத்தப் பூட்டிக்கினு போயிடுவீங்க. அதுக்கு மேல அவளப் பாத்துக்கறது யாரு? எனக்குக் கண்ணு தெரியல."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்படி ஒரு கல்யாணம் நடந்தால் 'விவரம் தெரியாத ஜனங்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எங்கள் ஆசிரியர் அறையிலும் உண்டு. ஒரு வீட்டில் நடந்தால் அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாம். அக்கம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும், ஒருவரை ஒருவர் அறியாத வீடுகளில், ஒரே மாதிரி நடக்கும்போது காரணத்தை வீட்டுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. 2015–16 கணக்கில் இது 16.3 சதவீதம். குறைகிறது, சரி. ஆனால் சென்னையையும் நம் மலையடிவார ஊர்களையும் ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரி அது.

நம் தருமபுரி பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரி நிலம். ராகியும் துவரையும் வீட்டுக்குத்தான் காணும். தக்காளி ஒரு வாரம் கை கொடுக்கும், அடுத்த வாரம் பறிகூலிக்குக்கூடத் தேறாது. அதனால் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பஸ் ஏறுகிறீர்கள். கூடவே கூட்டிப்போனால் தகரக் கொட்டகையில் வயசுப் பெண்ணை எங்கே தங்க வைப்பது? விட்டுப்போனால் பாட்டியிடம்தான். அப்புறம் ஊரிலிருந்து ஒரு போன் வருகிறது: "உம் பொண்ணு பஸ் ஸ்டாப்புல ஒருத்தனோட பேசிக்கினு இருந்துச்சாம்." அவ்வளவுதான். அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தாகிவிடும். அந்தப் பையன் நோட்டுதான் கேட்டானா, வேறு எதுவுமா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அந்தப் பயம் பையன்மேல் மட்டும் இல்லை, அவன் என்ன சாதி என்பதிலும் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றும் கொஞ்ச வருஷமாக என் கண்ணில் படுகிறது. முன்பு பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடி அலைவார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டாரே வந்து, "நகை நட்டு எதுவும் வேண்டாம், கல்யாணச் செலவும் எங்களுது, பொண்ணக் கொடுத்தாப் போதும்" என்கிறார்கள். ஏன் இப்படி ஆனது? சேலம், தருமபுரிப் பக்கம் பெண் சிசுக்கொலை நடந்த காலம் உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கே ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. அந்த ஆண் குழந்தைகள்தான் இன்று 25, 30 வயதில் பெண் கிடைக்காமல் நிற்கிறார்கள். '90ஸ் கிட்ஸ்' என்று செல்போனில் கேலி செய்து சிரிக்கிறோம். அவர்களோடு சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டிய பெண்களைப் பிறந்த அன்றே இழந்துவிட்டு, இப்போது பத்தாம் வகுப்பில் வந்து பெண் கேட்கிறோம். இது என் கணிப்புதான். ஆனால் போன வருஷத்துப் பெண்ணின் மாப்பிள்ளைக்கு வயது 29.

அதற்குப் பிறகு நடப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், ஆதாரில் வயதைப் பார்த்ததும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கட்டியவன் மேல் வழக்கு வரும். கல்யாணம் செய்து வைத்தவர்களுக்கு 2006-ஆம் வருஷக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இந்தப் பயத்தில் சில வீடுகளில் ஏழு மாதம் வரை பெண்ணை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போவதில்லை. பரிசோதனை கிடையாது, இரும்புச்சத்து மாத்திரை கிடையாது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு. பெண்ணைக் காப்பாற்ற வந்த சட்டம், அவள் மாத்திரை வாங்கப் போவதற்கே தடையாகிவிட்ட வீடுகள் இவை. இதைச் சொல்வதால் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போன் வந்திருந்தால் யாரும் ஒளிந்துகொள்ள வேண்டி வந்திருக்காது.

எனக்கு ரொம்பவும் உறுத்துவது வேறு. அந்தப் பெண்ணின் தங்கை எங்களிடம் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பொங்கல் லீவுக்குப் பிறகு கணக்கு நோட்டில் தேதி மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறாள். ஏன்மா என்று கேட்டேன். "எதுக்கு மேடம்? அக்காவும் நல்லாத்தான் படிச்சா." பதிமூன்று வயதுப் பிள்ளை ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்துவிட்டது. இன்னும் மூன்று வருஷத்தில் அவளைப் பற்றி நாமே, "படிப்பு ஏறல, அதான் கட்டிக் கொடுத்துட்டோம்" என்று சொல்லப்போகிறோம்.

சரி, பாட்டி கேட்ட கேள்விக்கு வருகிறேன். முழுப் பதில் இன்னும் இல்லை, பாதிதான் இருக்கிறது.

தேர்வு முடியும் வரை மாலை 6.30 மணி வரை நூலக அறை திறந்திருக்கும். ஆசிரியைகள் இருவர் முறை வைத்து இருப்பார்கள். ஜூனிலிருந்து எல்லா வகுப்புகளுக்கும் அப்படியே. மாலை பஸ்ஸை 6.40-க்கு விடச் சொல்லி டிப்போவில் மனு கொடுத்து இரண்டு மாதமாகிறது. பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். உங்களில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் போகிறேன். இருவருமே வெளியூர் வேலைக்குப் போகிற வீடு என்றால் அரசு மாணவியர் விடுதிக்கு இப்போதே விண்ணப்பம் எழுதுங்கள். படிவம் என்னிடமே இருக்கிறது. விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் முதல் மாதம் அழும், அதற்காகக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. முன்பு பெண்ணின் கல்யாணத்துக்கு அரசு தங்கமும் பணமும் கொடுத்தது. 2022 செப்டம்பரில் அது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியோ, பாலிடெக்னிக்கோ, ஐடிஐயோ சேர்ந்தால் படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். தாலிக்குக் கொடுத்த காசைப் படிப்புக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. உங்களில் சிலருக்கு அதில் வருத்தம் இருப்பதும் தெரியும். தங்கம் விற்கிற விலை அப்படி.

உறவுக்காரர்கள் நெருக்கினால், "ஹெட்மிஸ்ட்ரஸ் ஒத்துக்க மாட்டாங்க, கேஸ் ஆயிடும்" என்று என்மேல் பழியைப் போடுங்கள். நான் தாங்கிக்கொள்வேன். வேறு எங்காவது இப்படி ஒரு ஏற்பாடு நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்ட பெண் உங்கள் வீட்டில் இருந்தால், அவள் திரும்பி வந்து பரீட்சை எழுதலாம். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் நினைத்தால் 20 வயதாவதற்குள் கோர்ட்டில் சொல்லி ரத்து செய்துகொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம். பெங்களூரில் இருப்பவர்கள் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் செய்தால் போதும், கூலியை விட்டுவிட்டு வர வேண்டாம். பாட்டிகளைக் கட்டாயம் அனுப்பி வையுங்கள். மாடியில் இல்லை, கீழ் வகுப்பறையில்தான் கூட்டம். டீயும் சுண்டலும் உண்டு. இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்