ரகத்துக்கேற்ற மணிச்சத்து: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கடைமடை வாய்க்காலைத் தூர்வாரக் கோரிய மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. இவ்வாண்டு நாம் அதிகம் விவாதித்தது எந்த நெல் ரகத்துக்கு எவ்வளவு மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவை என்பதையே என்பதால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

விவாதம் ஒரு மனத்தாங்கலில் தொடங்கியது. பிசானப் பருவ நடவு நேரத்தில், மணிச்சத்துக்காக இடும் டி.ஏ.பி. உரம் வாங்கப் போன நம் உறுப்பினர் சிலரிடம், நுண்ணூட்டப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கண்டித்து ஐப்பசிக் கூட்டத்தில் சூடாகப் பேசிக்கொண்டிருந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அத்தனை மூட்டை நம்ம வயலுக்கு வேணுமான்னு மொதல்ல கணக்குப் போட்டுப் பாருங்கய்யா" என்றார்.

போட்டுப் பார்த்தோம். மண் பரிசோதனை செய்யாத நிலையில், காவிரிப் படுகையும் கோவைப் பகுதியும் நீங்கலான இடங்களில் குறுகிய கால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை, தழை, மணி, சாம்பல் சத்து என்ற வரிசையில் எக்டருக்கு 120:40:40 கிலோ. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு 150:50:50. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதவீதம். ஆகவே ஏக்கருக்கு, குறுகிய கால ரகமான அம்பை 16க்கு 35 கிலோ டி.ஏ.பி.யும் நீண்ட கால ரகத்துக்கு 44 கிலோவும் போதும். நாமோ ரகம் பாராமல் 50 கிலோ மூட்டையை அடியுரமாகக் கொட்டிவிட்டு, பயிர் வெளிறினால் மேலுரமாகவும் வீசுகிறோம். மணிச்சத்து மண்ணில் அநேகமாக நகராதது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மேலே வீசியபின் பயிர் பச்சை கட்டுவது அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்தால். அதற்கு யூரியாவே போதும், விலையும் குறைவு.

வேர்தான் தேட வேண்டும் என்றால் ரகத்துக்கு ரகம் தேடும் திறன் மாறும். நடவான 25ஆம் நாள், அடுத்தடுத்த வயல்களிலிருந்து அம்பை 16 ஒன்றையும் மாப்பிள்ளைச் சம்பா ஒன்றையும் மண்ணோடு தோண்டி, வாய்க்கால் நீரில் மெல்ல அலசி வரப்பில் கிடத்தினோம். சம்பாவின் வேர் ஒரு சாண் தாண்டிக் கிளைத்திருந்தது. அம்பையினுடையது குட்டையாக, அடர்ந்த குஞ்சம் போல இருந்தது. இரண்டு தூரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் இளம்பருவ வேர் வளர்ச்சியைத் தூண்டி, மணிச்சத்து குறைந்த மண்ணிலும் பயிரைத் தாங்கவைக்கும் மரபணு ஒன்று காசலத் என்ற பழைய நெல்லில் இருப்பதையும், புதிய ரகங்கள் பலவற்றில் அது இல்லாததையும் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

உதகையில் உருளைக்கிழங்குக்கு எக்டருக்கு 240 கிலோ மணிச்சத்து பரிந்துரைக்கிறார்களே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உண்மைதான். உருளையின் வேர் ஆழம் போகாதது. அதோடு, மலையின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நம் நஞ்சையிலோ, தண்ணீர் கட்டியதும் இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபட்டு வருகிறது. ஆண்டுதோறும் இட்டதில் பயிர் எடுக்காமல் விட்ட மிச்சமும் அங்கேதான் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் துத்தநாகக் குறைபாடும் கூடும். சென்ற கார் பருவத்தில் இலையில் துருப்புள்ளி விழுந்த வயல்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனவே அடுத்த காருக்கு முன் உறுப்பினர் அனைவரும் மண் மாதிரி கொடுப்பதென்று தீர்மானித்துள்ளோம். அறுவடை முடிந்து எரு இடுமுன், வரப்போரத்தையும் எருக்குவி கிடந்த இடத்தையும் விட்டு, அரையடி ஆழத்தில் எடுக்க வேண்டும். துணிப்பைகள் சங்க அறையில் உள்ளன. பையின் மேல் பெயரோடு, போன பிசானத்தில் வைத்த ரகத்தையும் மறவாமல் எழுதிக் கொடுக்கவும்.