பழைய மலர்கள் டிவிடி: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் நூலகத்தின் பழைய ஆண்டு மலர்களையும் கையெழுத்துப் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து, தேடிப் படிக்கிற மாதிரி டிவிடியில் ஏற்றும் திருப்பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. மென்பொருளுக்கென்று ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, பக்கங்களை உருவாக்கித் தரும் பிஎச்பி நிரல்மொழியும், தலைப்புகளைச் சேர்த்து வைத்துத் தேடித் தரும் எஸ்க்யூலைட் தரவுத்தளமும் இலவசம்.

வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகப் போட்டால் ஆகாதா, எதற்கு சர்வர் (உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்) என்று பொதுக்குழுவில் கேட்டீர்கள். புரட்டிப் பார்க்க மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் வட்டிலிருந்து நேரே திறக்கும் பக்கம், அதே வட்டில் இருக்கும் இன்னொரு கோப்பை வாசிக்க குரோம் போன்ற உலாவிகள் விடுவதில்லை, அதனால் தேடல் வசதி நொண்டும். அதற்குத்தான் சர்வர். பென் டிரைவில் கொடுத்தால் நாலு கணினியில் செருகி எடுப்பதற்குள் வைரஸ் வந்து உட்கார்ந்துவிடும், யாராவது கைதவறி அழித்தும் விடுவார்கள். எழுதி மூடிய டிவிடியில் அந்தப் பயமே இல்லை.

ஆனால் சர்வர் என்றாலே எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பலரும் பயன்படுத்தும் அப்பாச்சி என்ற சர்வர், கிளம்பும்போதே லாக் என்ற பதிவுக் கோப்பும் பிராசஸ் எண் கோப்பும் எழுத இடம் கேட்கும், வட்டில் இடம் ஏது? ஆகவே அதை விட்டுவிட்டு, பிஎச்பியில் 5.4 பதிப்பிலிருந்து கூடவே வரும் குட்டி சர்வரை எடுத்துக்கொண்டோம். பொது இணையத்தில் வைக்க அது லாயக்கில்லை, ஒரு கணினியில் ஒருவர் படிக்கத் தாராளமாகப் போதும். அந்தக் கணினியையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் ஓடுவதால் ஃபயர்வால் எச்சரிக்கை குறுக்கிடாது, பக்கத்துக் கணினிக்கும் தெரியாது. டிவிடி டிரைவுக்கு ஒரு கணினியில் டி, இன்னொன்றில் எஃப் என்று எழுத்து மாறும் என்பதால், எல்லாவற்றையும் கிளப்பிவிடும் பேட்ச் ஃபைல் (கட்டளைகள் எழுதிய கோப்பு) தான் இருக்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. பழைய விண்டோஸ் கணினிகளில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம் என்ற துணை மென்பொருள் இல்லாமல் பிஎச்பி கிளம்ப மறுத்தது, அதற்கான டிஎல்எல் கோப்பையும் பக்கத்திலேயே வைத்தாயிற்று.

எஸ்க்யூலைட் தரவுத்தளம் 'வால்' (WAL, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும்) முறையில் இருந்தால், வாசிப்பதற்குக்கூடப் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பை உண்டாக்கப் பார்க்கும், முடியாவிட்டால் திறக்காது. வட்டில் எழுதுவதற்கு முன்பே அதை, அந்தத் துணைக் கோப்பு தேவைப்படாத பழைய ஜர்னல் முறைக்கு மாற்றினோம். திறந்தது, ஆனால் ஆமை வேகம், ஒவ்வொரு தேடலுக்கும் டிரைவின் கண் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கிறது. அதனால் இப்போது தொடங்கும்போதே தரவுத்தளம் மட்டும் கணினியின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டருக்கு நகலாகிவிடும், படங்கள் வட்டிலேயே இருக்கும்.

எங்களை அதிகம் படுத்தியது தமிழ்தான். எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடல், எழுத்து, எண் என்ற வகையில் வருவதை மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' என்ற வேறு வகை. விளைவு, 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிவிடும்! தேடினால் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து விழுந்தது. குறி வகையையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரு வரி எழுதிய பிறகு சரியானது. தமிழில் இதுபோல் செய்ய நினைக்கும் யாரும் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கோப்புப் பெயர்களை வெறும் எண்ணாகவே வைத்திருக்கிறோம், தமிழ்த் தலைப்புகள் தரவுத்தளத்தில் உள்ளன. 4.7 ஜிபி வட்டு விண்டோஸில் 4.38 என்றுதான் காட்டும், மீதியை யாரும் எடுக்கவில்லை, அது கணக்கிடும் முறை. அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் வட்டில் சுருக்கப்பட்ட ஜேபெக் படங்கள்தான், ஸ்கேன் செய்த பெரிய டிஃப் மூலப் படங்கள் நூலக ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன.

அட்டவணையில் தங்கள் தாத்தா பெயர் தவறாக இருக்கிறது என்று இரண்டொருவர் வருத்தப்பட்டீர்கள். இந்த வட்டில் திருத்த வழியில்லை, திருத்தத்தை நூலகப் பதிவேட்டில் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேரும்.

டிவிடியைப் போட்டு 'தொடங்கு' கோப்பைச் சொடுக்கினால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும், சர்வர் ஓடுவது அதில்தான். படித்து முடிக்கும்வரை அதை மூட வேண்டாம். வட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது ஆட்டம் காணும். டிரைவே இல்லாத லேப்டாப்காரர்கள் ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தால் ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டின் நகல்) தருகிறோம், விண்டோஸ் 8 முதல் அதை இரட்டைச் சொடுக்கில் வட்டு போலவே திறக்கலாம். உறுப்பினர் அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

திருப்பணிக் குழு