50 கோடியைச் சுவராக்கும் முன்

ஆசிரியருக்கு,

நிலச்சரிவு அபாயத்தைக் குறைக்க 15 மாநிலங்களுக்கான 1,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசின் உயர்நிலைக் குழு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. தமிழகத்தின் பங்கு 50 கோடி. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தலா 72 கோடி, மகாராஷ்டிரத்துக்கு 100 கோடி. நமக்குக் குறைவுதான் என்று வாதாடலாம். ஆனால் தடுப்புச் சுவர் என்று இறங்கினால் 50 கோடி சில கிலோமீட்டர் சாலையோரத்திலேயே கரைந்துவிடும். அதே பணத்தில் ஆபத்தான மலைச்சரிவுகள் பலவற்றை ஒழுங்காக வரைபடமாக்கிவிட முடியும்.

இது நிவாரணப் பணம் அல்ல. 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்று, அதாவது பேரிடர் வருமுன் அபாயத்தைக் குறைக்கும் வேலைக்கென்று, தனியே ஒதுக்கியது. உள்ளூர் அளவிலான சிறு பணிகளுக்கே அது செலவாக வேண்டும். கடலோரச் சுவர், வெள்ளக்கரை போன்ற பெரிய கட்டுமானங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களில் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது. அந்தக் கணக்கில் பார்த்தால், சாலையை அகலப்படுத்த மலையை வெட்டிவிட்டு அந்த வெட்டுக்குச் சுவர் கட்டுவது சாலைத் திட்டத்தின் செலவுதான். தணிப்பு நிதியில் அதை ஏற்றக் கூடாது.

வரைபடம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2014-15இல் தொடங்கி நாட்டின் மலைப்பகுதிகளுக்கு 1:50,000 அளவில் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் தயாரித்திருக்கிறது. பெரிய வேலை, தேவையான வேலை. ஆனால் அந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 5 சென்ட் மனை ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர்; வரைபடத்தில் அது பென்சில் கோட்டின் தடிமன்கூட வராது. எந்த வட்டத்தில் கவனம் தேவை என்று அது சொல்லும். இந்த மனையில் வீடு கட்டலாமா என்று அதனிடம் கேட்கக் கூடாது. மனைக்குப் பதில் வேண்டுமானால் 1:5,000, குடியிருப்பு நெருக்கமான இடங்களில் 1:2,000 அளவு வேண்டும். மாவட்டம் முழுவதையும் அப்படி வரையத் தேவையில்லை. நீலகிரியில் மாவட்ட நிர்வாகம் அடையாளம் கண்டுள்ள 283 இடங்களில் குடியிருப்பும் பள்ளியும் உள்ளவற்றிலிருந்து தொடங்கலாம். கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு அடுத்து. 2024 டிசம்பர் 1 அன்று 7 பேர் மண்ணில் புதைந்து இறந்த திருவண்ணாமலை மலையடிவாரத்தையும் விட்டுவிடக் கூடாது.

இந்த வரைபடங்களில் அதிகம் தவறுவது, மண் கிளம்பும் இடத்தை மட்டும் குறித்து, அது ஓடிச் சேரும் பாதையை விட்டுவிடுவது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று சரிவு கிளம்பியது சுமார் 1,550 மீட்டர் உயரத்தில். மண்ணும் பாறையும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடின. முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இறந்தவர்களில் பலர் செங்குத்துச் சரிவில் வீடு கட்டியவர்கள் அல்லர், ஆற்றோரத்தில் ஓரளவு சமமான நிலத்தில் இருந்தவர்கள். சரிவின் கோணத்தை மட்டும் பார்த்து வண்ணம் தீட்டினால் அந்த ஊர் ஆபத்தில்லாத பச்சையாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஓடைக்கும் மண்ணோட்டப் பாதையைத் தனி அடுக்காக வரைய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று, பழைய நிலச்சரிவுகளின் பட்டியல். சாலையில் விழுந்ததை நெடுஞ்சாலைத் துறை பதிவு செய்யும். தேயிலைத் தோட்டத்துக்குள்ளோ சோலைக்குள்ளோ சரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆபத்தைக் கணிக்கும் கணினிக்கு அந்தப் பட்டியலைக் கொடுத்தால் சாலைக்குப் பக்கத்தில்தான் ஆபத்து என்று அது கற்றுக்கொள்ளும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் நடந்த சரிவுகளைப் பழைய செயற்கைக்கோள் படங்களிலிருந்து எல்லை வரைந்து சேர்க்கலாம். அவற்றில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, முடிந்த வரைபடம் அவற்றைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். அந்தச் சோதனை இல்லாத வரைபடத்துக்குக் கடைசித் தவணைப் பணத்தை விடக் கூடாது.

தரை உயரத்தை அளக்க ட்ரோன் புகைப்படம் மலிவு. ஆனால் மரமும் தேயிலையும் அடர்ந்த இடத்தில் அது இலைப்பரப்பின் உயரத்தைத்தான் தரும். லிடார் என்ற லேசர் அளவீட்டின் கதிர்களில் ஒரு பகுதி இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். பழைய சரிவின் வடு அதில்தான் தெரியும். டெண்டரில் ‘ட்ரோன் சர்வே’ என்று மட்டும் எழுதினால் மலிவானதுதான் வரும்.

மண்ணையும் பாறையையும் சோதிக்கத் துளையிடும் வேலையிலும் ஒரு சிக்கல். நீலகிரியின் சார்னோகைட் பாறை ஆழமாக மக்கும்போது செம்மண்ணுக்கு நடுவே மக்காத உருண்டைப் பாறைகள் தங்கிவிடும். பாறை தட்டியதும் துளையை நிறுத்திவிட்டு, அடிப்பாறை வந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. குறைந்தது 3 மீட்டராவது பாறைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்தைக் கோடையில் ஒருமுறை அளந்தால் பயனில்லை. பீசோமீட்டர் என்ற நிலத்தடி நீரழுத்தமானி வைத்து ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அளக்க வேண்டும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும். மண்ணின் வலிமையை நனைந்த நிலையில் சோதிக்காவிட்டால் கணக்கு காகிதத்தில் மட்டும் நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு சுவர் தேவைப்படும் இடங்களும் இருக்கத்தான் செய்யும். மண் சறுக்கும் தளம் 6 மீட்டர் ஆழத்தில் இருக்க, சுவரின் அடித்தளத்தை ஒன்றரை மீட்டரில் போட்டால் மண்ணோடு சுவரும் சேர்ந்து இறங்கும். சுவரில் நீர் வெளியேற விடும் கசிவுத் துளைகளுக்குப் பின்னால் சரளை வடிகட்டியோ, ஜியோடெக்ஸ்டைல் என்ற வடிகட்டும் செயற்கைத் துணியோ இல்லாவிட்டால் களிமண் சில மழைக்காலங்களிலேயே அவற்றை அடைத்துவிடும். பிறகு சுவர் தாங்குவது மண்ணை மட்டுமல்ல, அதன் பின்னால் தேங்கிய தண்ணீரையும்.

பெரும்பாலான இடங்களில் முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவதுதான். சரிவின் தலைக்கு மேலே வடிகால் வெட்டி, பூச்சும் பூசாமல், ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யாமல் விட்டால், மழைநீரை நாமே சரிவுக்குள் இறக்குகிறோம் என்று பொருள். வீடுகளின் கழிவுநீர்க் குழியும் இதே தீங்கைச் செய்யும். உள்ளே தேங்கும் நீரை எடுக்க, வாய்ப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி 5 முதல் 10 பாகைச் சாய்வில் துளைக்குழாய் செருகலாம். சுவரை ஒப்பிட்டால் செலவு குறைவு, ஆனால் ஆண்டுதோறும் நீரைப் பீய்ச்சிக் கழுவியாக வேண்டும். கட்டுவதற்குப் பணம் உண்டு, கழுவுவதற்கு யார் தருவது என்பதில்தான் இப்பணிகள் பாழாகின்றன. 5 ஆண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்ப்பது ஒரு வழி.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020இல் நீலகிரிக்குப் பரிசோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கியது. அது துல்லியமாக வேண்டுமானால் மழைமானிகள் அதிகம் வேண்டும். ஒரு முகட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மழை ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு சரிவும் எந்த நாளில், எந்த மணியில் நடந்தது என்று வருவாய்த் துறை குறித்து வைத்தால் போதும், செலவே இல்லாத உதவி அது.

கடைசியாக, வரைபடம் முடிந்ததும் அது யார் கைக்குப் போகிறது? கட்டட அனுமதி தரும் உள்ளாட்சியிடமும், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்திடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும் புல எண்ணோடு பொருத்தித் தரப்பட வேண்டும். மனை வாங்குபவர் தன் புல எண்ணைத் தட்டி, அது மண்ணோட்டப் பாதையில் இருக்கிறதா என்று தமிழில் பார்க்க முடிய வேண்டும். நில விலை விழும் என்ற எதிர்ப்பு நிச்சயம் வரும். அதற்காக வரைபடத்தை அலுவலகப் பீரோவில் வைக்க வேண்டாம். தேர்ந்தெடுத்த மலைச்சரிவுகளின் பட்டியலையும் திட்ட அறிக்கையையும் பணி தொடங்கும் முன்பே மாவட்ட இணையதளத்தில் வெளியிடும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண் பொறியியல், நிலவியல் துறை வாசகர்கள் சிலர்,
குன்னூர்