விடுப்புக் கடிதத்தில் உண்மைக் காரணத்தையே எழுதுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்திலிருந்து யோகா வகுப்பின் முதல் 10 நிமிடங்களை இயமங்களுக்கு, அதாவது தீயவற்றை விலக்கும் ஒழுக்கங்களுக்கு, ஒதுக்கியிருக்கிறோம். யோக சூத்திரம் என்ற நூலில் பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது; இயமமும் நியமமும் (தன்னளவில் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள்) அதற்கு முந்தியவை. கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமச்சரியம், வேண்டாததைச் சேர்க்காமை என்ற ஐந்து இயமங்களில் இப்போது வாய்மை நடக்கிறது. வகுப்பில் கேட்பதும் வீட்டில் பார்ப்பதும் வேறாக இருந்தால் பிள்ளைகள் வீட்டைத்தான் பின்பற்றுவார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

யோக சூத்திரம் இரண்டாம் பாதம் (அத்தியாயம்), 34ஆம் சூத்திரம் பெற்றோர் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டியது. இயமத்தை மீறுவதை அது மூன்றாகப் பிரிக்கிறது: தானே செய்வது, பிறரைச் செய்யவைப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. பிள்ளை பொய் சொன்னால் நாம் கண்டிப்பது முதல் வகையை மட்டுமே. மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கணக்கில் சேரும். "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று தொலைபேசியைக் கையில் கொடுப்பது செய்யவைத்தது. 13 வயது ஆகாத பிள்ளை சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கப் பிறந்த வருடத்தை மாற்றிப் போடும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது உடன்பட்டது. செயல்திட்ட மாதிரியை நாமே வெட்டி ஒட்டிவிட்டுப் பிள்ளையின் பெயரை எழுதி அனுப்புவதில் மூன்றுமே இருக்கின்றன. கல்யாணத்துக்குப் போய்வந்துவிட்டு 'காய்ச்சல்' என்று எழுதும் விடுப்புக் கடிதமும் அப்படித்தான். அதைக் கொண்டுவந்து நீட்டுவது பிள்ளை. "இப்போ உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று ஆசிரியர் அக்கறையாகக் கேட்டால் அந்த இடத்தில் அடுத்த பொய்யைத் தானாகவே கட்ட வேண்டியதும் பிள்ளைதான்.

மீறலுக்கு வேர்கள் மூன்று என்றும் அதே சூத்திரம் சொல்கிறது: ஆசை, சினம், மயக்கம் (அறிவு மயங்கித் தவறாக எண்ணுவது). பிள்ளையிடம் "ஏன் பொய் சொன்னே?" என்று கேட்டால் அழுகை வரும், பதில் வராது. வேரை நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் அரை மணி நேரம் கைபேசி வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய் ஆசையில் பிறந்தது. நேர வரம்பு தெளிவாக இருந்தால் பாதி தீரும். தம்பியை மாட்டிவிடச் சொன்னது சினத்தில் பிறந்தது. அங்கே பொய்யை விடச் சண்டையை முதலில் தீர்க்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். 'மார்க் குறைந்தது தெரிந்தால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும்' என்ற பயத்தை நான் மயக்கத்தில்தான் சேர்ப்பேன். பள்ளியில் பிடிபடும் பொய்களில் இந்த வகையே அதிகம்.

இதற்கு முதல் மருந்து, விடை தெரிந்த கேள்வியைக் கேட்காமல் இருப்பது. விடைத்தாளைப் பையில் பார்த்துவிட்டு "கணக்குப் பேப்பர் கொடுத்தாச்சா?" என்று ஒன்றும் தெரியாததுபோல் கேட்பது பொறி வைப்பதாகும். "பேப்பரைப் பார்த்தேன். எந்தக் கணக்கில் தடுமாறினே?" என்று தொடங்கினால் பொய்க்கு இடமே இல்லை. தானாக வந்து உண்மையைச் சொன்னால் செய்த தவறுக்கு உரிய விளைவு இருக்கட்டும், சொன்னதற்காக வசை வேண்டாம். முழு மன்னிப்பும் வேண்டாம். பரிசாகப் பணம் கொடுப்பது அதைவிட மோசம். உண்மை ஒரு பண்டமாகி, பழையபடி ஆசையில் போய் நிற்கும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. யோக சூத்திரத்துக்கு வியாசர் எழுதிய உரை, கண்டது, ஊகித்தது, கேட்டது எதுவோ அதன்படியே பேச்சும் மனமும் இருப்பதே வாய்மை என்கிறது. இரவு உணவின்போது பிள்ளை அன்று நடந்த ஒன்றைச் சொல்லட்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்ததா, கேட்டதா, ஊகித்ததா என்று பிரிக்கச் சொல்லுங்கள். "அவன் வேணும்னே தள்ளிவிட்டான்" என்பதில் தள்ளியது பார்த்தது, 'வேணும்னே' ஊகித்தது. 5 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் விசாரணை ஆகிவிடும். பெரியவர்களும் ஒன்றைச் சொல்லிப் பிரிக்க வேண்டும். அலுவலகக் கதைகளில் எவ்வளவு ஊகம் என்பது அப்போது தெரியும்! ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இது வேண்டாம். கட்டிலுக்கடியில் புலி இருக்கிறது என்பது அந்த வயதில் விளையாட்டு.

வியாசர் சொல்லில் மூன்று குற்றங்களை விலக்குகிறார்: ஏமாற்றும் சொல், தவறாகப் புரிந்துகொண்டு சொல்வது, கேட்பவருக்கு எதுவும் விளங்காத சொல். முதலாவதற்கு உரைமரபு காட்டும் உதாரணம், மகாபாரதப் போரில் தன் மகன் அசுவத்தாமன் இறந்தானா என்று துரோணர் கேட்டபோது, அதே பெயருள்ள யானை இறந்ததை மனத்தில் வைத்து 'அசுவத்தாமன் இறந்தான்' என்று தருமர் சொன்ன பதில். சொல் பொய் இல்லை, நோக்கம் பொய். "படிச்சியா?" என்றால் "புத்தகத்தை எடுத்தேனே!" என்று வருவது அதன் வீட்டுப் பதிப்பு. மூன்றாவது குற்றம் எங்களுக்கும் பொருந்தும். இந்தப் பருவ மதிப்பெண் அட்டையில் 'முயற்சி தேவை' என்று மட்டும் எழுதாமல், எந்தப் பாடத்தில் எந்தப் பகுதி என்று ஆசிரியர்கள் குறிப்பார்கள்.

வாய்மையைப் புதிதாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் ஒரு தப்பு செய்வார்கள்: "உன் படம் அசிங்கமா இருக்கு, உண்மையைத்தானே சொன்னேன்!" இயமங்களில் கொல்லாமை முதலில் நிற்கிறது, பிறரைப் புண்படுத்தும் சொல்லை வியாசர் வாய்மையாகவே ஏற்பதில்லை. அதற்காகப் பொய்யாகப் புகழவும் வேண்டாம், பேசாமல் இருக்கலாம். "இப்போ சொல்ல விருப்பமில்லை" என்பது எங்கள் வகுப்புகளில் ஏற்கப்பட்ட பதில். வீட்டிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடிபட்டது, யாராவது மிரட்டியது, தொட்டது போன்றவற்றை மட்டும் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பொய் நாக்கின் நுனிக்கு வந்த கணத்துக்கு 33ஆம் சூத்திரம் வழி சொல்கிறது: எதிர்நினைவை வளர்த்தல். பிள்ளைகளுக்கு இதை இப்படிப் பழக்குகிறோம்: மூச்சை ஒருமுறை மெதுவாக வெளியே விடு, இந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்து யாரிடம் என்ன சொல்ல வேண்டிவரும் என்று நினை, பிறகு பேசு. பதில் தாமதமாக வந்தால் அதட்டாதீர்கள், அவகாசம் கொடுங்கள்.

வாய்மையில் நிலைத்தவரின் சொல் பலிக்கும் என்கிறது 36ஆம் சூத்திரம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், வீட்டில் கொடுக்கும் வாக்குகளைக் குறைத்துக்கொள்ளலாம். "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்பதற்குப் பதில் முடியும், முடியாது என்று சொல்லுங்கள். முடியாமல் போனால் நாள் கடப்பதற்கு முன்பே சொல்லி வேறு நாள் குறியுங்கள். "விடுதியில் சேர்த்துவிடுவேன்" போன்ற நிறைவேற்றாத மிரட்டல்களும் பொய்க் கணக்கில்தான் வரும்.

விடுப்புக் கடிதத்துக்கு வருகிறேன். குடும்ப விழா, பயணம், அசதி, காலையில் எழ முடியவில்லை, எதுவானாலும் அதையே எழுதுங்கள். தேதி, காரணம், கையெழுத்து போதும். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். விவரம் தர விருப்பமில்லை என்றால் 'சொந்தக் காரணம்' என்று எழுதலாம், வகுப்பாசிரியர் துருவிக் கேட்கமாட்டார். வருகைப் பதிவில் விடுப்பு விடுப்பாகவே இருக்கும், காரணத்தைப் பார்த்து அது மாறாது. விடுபட்ட பாடக் குறிப்புகளைப் பிள்ளை மறுநாள் வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்