அனுப்புவதற்கு முன் கையெழுத்து போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை நேரம் என்பதால் பொறியியல் கல்லூரி விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சின்னங்களை வரிசையாகப் போட்டு, ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அப்படியோர் ஒப்பந்தத்தின் பேரில் 2024 அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவியாகப் போய், ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள் நான். ஊர் ஒட்டன்சத்திரம், படிப்பது சிவில். பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே படிக்கும் பாடங்களை இங்கே கணக்கில் சேர்ப்பீர்களா, அதை எழுதித் தருவீர்களா?

முதலில் அங்கே படித்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 11 அதிகாலையில், டிரெஸ்டனில் எல்பே ஆற்றின் மேலிருந்த கரோலா பாலத்தில் டிராம் ஓடும் பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. நல்லவேளையாக ஆட்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1971-ல் கட்டி முடித்த ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் பாலம் அது, அதாவது உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி கான்கிரீட்டை இறுக்கி வலுவூட்டியது. காரணத்தை ஆராயும் பொறுப்பை நகர நிர்வாகம் கொடுத்தது எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸிடம். டிசம்பரில் அவர் முடிவுகளை வெளியிட்டார். கட்டுமானக் காலத்திலேயே ஈரம் பட்டு, இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளில் ஹைட்ரஜனால் நுண்ணிய விரிசல்கள் தொடங்கியிருந்தன. அதன்மேல் பல்லாண்டு கால வண்டிப் போக்குவரத்தில் கம்பிகள் ஓய்ந்து வலுவிழந்து போயின. சிவில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்? ஆற்றங்கரைக்குப் போனால் இடிபாடு, வகுப்புக்கு வந்தால் அதைப் பற்றியே பேச்சு. நம் ஊரிலும் ஆற்றுக்கு ஆறு அதே முறையில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே ஊரில் ‘க்யூப்’ என்றொரு கட்டடம் இருக்கிறது. கார்பன் கான்கிரீட்டில் கட்டி 2022-ல் முடித்தது. எஃகுக் கம்பிக்குப் பதில் கார்பன் இழை. துருப் பிடிக்காது என்பதால் அதை மூடக் கனமான கான்கிரீட் பூச்சு வேண்டியதில்லை, சுவர் மெலிதாகவே நிற்கிறது. ராமேஸ்வரத்தில் உப்புக் காற்று பட்டுக் கம்பி துருவேறி, வீட்டுக் கூரை பெயர்ந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கட்டடத்தின் முன் ஒருமுறை நிற்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காலை 7.30-க்கு முதல் வகுப்பு. வருகைப்பதிவு எடுப்பதில்லை. தேர்வுக்கு நாமே கெடுவுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் யாரும் கூப்பிட்டு நினைவூட்ட மாட்டார்கள். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை, தேர்வு பிப்ரவரியில். இங்கே ஐந்தாவது செமஸ்டர் ஜூலையில் தொடங்குகிறது, ஆறாவது ஜனவரியில் வந்துவிடுகிறது. அதாவது ஒரு செமஸ்டருக்காகப் போகிறவர் இங்கே இரண்டு செமஸ்டர்களை இழக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது இந்த இரண்டு காலண்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தார்களா என்று தெரியவில்லை. “போய் வாம்மா, வந்ததும் பார்த்துக்கலாம்” என்று வாயால் சொல்லித்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், ஐந்தாவது செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் குறைவு, ஆறாவது செமஸ்டருக்கு வரவேயில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மதிப்பெண் விஷயம் இன்னும் வேதனை. அங்கே 1.0 தான் உச்சம். 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. நான் வாங்கிய 1.7-ஐத் தேர்வுப் பிரிவில் பத்துக்கு 1.7 என்று எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மதிப்பெண்ணையும் பிற நாட்டு மதிப்பெண்ணையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்க எளிய சூத்திரம் ஒன்று பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு பாடங்கள், 20 இசிடிஎஸ் கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் ஐரோப்பியப் பொது முறை அது). ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று ஜெர்மனியில் கணக்கு. அத்தனையும் என் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. இப்போது ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் விடுதியில் ஸ்பெயினிலிருந்து எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த பெண் ஒருத்தி இருந்தாள். கிளம்பும் முன்பே அவள் கையில் ஒரு கற்றல் ஒப்பந்தம். அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே, தன் கல்லூரியில் அது எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுதியிருந்தது. மாணவி, அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என்று மூன்று கையெழுத்து. நடுவில் ஒரு பாடத்தை மாற்றினாள், அதற்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டாள். 1987-ல் தொடங்கிய திட்டம் இத்தனை காலம் ஓடுவதற்கு இந்த ஒரு தாள் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டு விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மீது நமக்கு ஆயிரம் மாறுபாடு இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் பெற்ற கிரெடிட்டைப் பட்டத்துக்குக் கணக்கில் கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. முடிவு அந்தந்த நிறுவனத்தின் கையில். தன்னாட்சிக் கல்லூரிகள் நினைத்தால் பாடத்திட்டத்தை முடிவு செய்யும் தங்கள் அகாடமிக் கவுன்சிலில் ஒரே கூட்டத்தில் தீர்மானம் போடலாம்.

இதைப் பணம் உள்ளவர்களின் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். பரிமாற்றம் என்பதால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், போட வேண்டியிருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஐந்தரை லட்சம் ரூபாய். பட்டம் தராத படிப்புக்குக் கல்விக்கடன் இல்லை என்று வங்கியில் சொல்லிவிட்டதால் அம்மாவின் நகை அடகுக்குப் போனது. இன்னும் மீட்கவில்லை. போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. அந்தப் பாலத்தைப் பற்றிப் படித்தது என் வேலைக்காலம் முழுக்கக் கூட வரும். ஆனால் அதற்கு விலையாக ஓர் ஆண்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கல்லூரிகள் விளம்பரத்தில் எத்தனை ஒப்பந்தம் என்று போடுவதோடு, அந்த ஒப்பந்தங்களின் கீழ் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்குக் கிரெடிட் சேர்ந்தது என்றும் போட வேண்டும். உயர்கல்வித் துறை இதைக் கட்டாயமாக்கலாம். ஸ்பெயின் பெண்ணிடம் நான் பார்த்த தாளைப் போல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு படிவத்தையும் கொண்டுவரலாம். இந்த அக்டோபரில் டிரெஸ்டன் போக என் கல்லூரியில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இருவரும் என்னிடம் வந்து பேசினார்கள். அவர்கள் வீட்டில் பணம் புரட்டுவதற்கு முன் துறைத்தலைவரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியும் பாடப் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்து போட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொறியியல் மாணவி,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.